நெஞ்சளவுச் சுவர்

"தண்ணிய அளவா ஊத்துக்கா! சாந்து கேட்டா கஞ்சி காய்ச்சற!"

கலவைக்காரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை நிமிர்த்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மணல் சலித்தாள், ஒருத்தி செங்கல் நனைத்தாள். எல்லாருமே கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குச் செங்கல் சுமந்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் ஓய்வையும் இங்கே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் மேல் கரணையும் கையுமாக நின்ற கொத்தனார், கலவைக்காரியின் கூடப்பிறந்த அண்ணன். கூலி கிடையாது என்று தெரிந்தும் வந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

எந்த மேஸ்திரி வேலை பிடித்தாலும் "கலவைக்காரி வருவாளா?" என்றுதான் முதலில் விசாரிப்பார். அவள் கலந்த சாந்து பிடித்தால் பிடித்ததுதான். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயையும் பொறுத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்றால் கை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை. ஆரம்பித்தது அவர்கள் அல்ல. கடல் தாண்டி இருக்கும் வசதியான பள்ளி ஒன்று இந்தப் பள்ளியோடு தோழமை வைத்திருந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் வரைந்த பலகைகூட வாசலில் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, பத்து நாள் தங்கி, எதையாவது கட்டிவிட்டுப் போவார்கள். போன வருஷம் வந்தவர்கள் கழிப்பறையை ஆரம்பித்தார்கள். சுவர் நெஞ்சளவு எழும்பியபோது பத்து நாள் முடிந்துவிட்டது. மீதியை அடுத்த வருஷம் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கையசைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள்.

நெஞ்சளவுச் சுவருக்குள் எந்தப் பெண் போய் உட்காருவாள்? உள்ளே பீங்கான் பதித்தாகிவிட்டது, ஆனால் கதவில்லை, கூரையில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிறவன் எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். பையன்கள் மதில் ஓரம் போய் நின்றுகொள்வார்கள், அவர்களுக்கென்ன. பெண் பிள்ளைகள் காலையில் வீட்டில் போனதோடு சரி. சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத் தெருவில் சிலர் சிரிப்பதும் உண்டு.

கலவைக்காரியின் மகள் ஒன்பதாம் வகுப்பு. புருஷன் வேலைக்குப் போன ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு பெண்தான். கெட்டிக்காரி. இங்கிலீஷ் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தால் அம்மாக்காரி சோற்றுச் சட்டியை இறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் இரண்டாம் முறை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "தண்ணி குடிக்கறதுக்குக்கூடவா சோம்பேறித்தனம்?" என்று நர்ஸ் திட்டினாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"குடிச்சா எங்கம்மா போறது? மாசத்துல அந்த நாள்ல எங்க போறது? லீவு முடிஞ்சா நான் போகமாட்டேன். ரெண்டு பேரு ஏற்கனவே நின்னுட்டாங்க."

"நின்னு? என்கூடச் சட்டி தூக்கப் போறியா?"

"தூக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை கலவைக்காரியை உலுக்கிவிட்டது. மறுநாளே பள்ளிக்குப் போனாள். காவல்காரர் சாமான் அறையைத் திறந்து காட்டினார். போன வருஷத்துச் சிமெண்டு மூட்டைகள் ஈரம் குடித்து ஓரமெல்லாம் கல்லாகிக்கொண்டிருந்தன. அடியில் கிடந்த மூட்டைகள் மட்டும் தேறும். செங்கல் வெளியே பாசி பிடித்துக் கிடந்தது. சாமான் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், வேலை மட்டும் பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்கும் வேலையை யார் முடித்துக் கொடுத்தாலும் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார் என்றுதான் கட்டட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியரான பெரிய சார் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். காவல்காரர், "நல்ல காரியந்தானே, செய்யுங்க" என்றார். அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

விடுமுறை முடிவதற்குள் சுவர் ஆள் உயரம் தாண்டி, கூரைத் தகரம் ஏறி, கதவும் மாட்டியாகிவிட்டது. தகரம் அண்ணன் வேலை செய்த இடத்தில் கழித்துப் போட்டது. கதவு, பக்கத்து வீட்டு அக்கா தன் தச்சுக்காரத் தம்பியை நச்சரித்து வாங்கி வந்தது. மகள்தான் முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மா, வெளிய ஏதாச்சும் தெரியுதா?"

"உன் நிழல்கூடத் தெரியலடி. தூங்கிடாத, வெளிய வா!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வருஷம் மகள் சிரித்து அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

பள்ளி திறந்த அன்று பெரிய சார் பின்பக்கம் வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆள் அனுப்பிக் கலவைக்காரியைக் கூப்பிட்டார். தோழமைப் பள்ளி விவகாரத்தையெல்லாம் கவனிக்கும் இங்கிலீஷ் டீச்சரும் பக்கத்தில் நின்றாள். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துக் கலவைக்காரி முகம் கழுவிக்கொண்டு போயிருந்தாள்.

"யாரக் கேட்டும்மா இதக் கட்டுனீங்க?"

"யாரக் கேக்கணும் சார்? பாதியில கெடந்துச்சு, முடிச்சோம். கூலியா கேட்டோம்?"

"நான் உங்களக் குத்தம் சொல்லல. ஆனா அடுத்த வாரம் அவங்க வர்றாங்க. எதுக்கு வர்றாங்க? இதக் கட்டத்தான் வர்றாங்க. அந்தப் பிள்ளைங்க ஒரு வருஷமா கார் கழுவி, வீட்டுவீடா அலைஞ்சு பணம் சேத்திருக்காங்க. இங்க வந்து பாத்தா வேலையே இல்ல. அப்பறம்?"

"அப்பறம் என்ன சார், சந்தோஷப்படுவாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு கட்டட்டும்."

டீச்சர் குறுக்கே வந்தாள். "அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. படம் போட்டு, அவங்க மேலிடத்துல ஒப்புதல் வாங்கியாச்சு. இவங்களே கட்டிக்கறாங்க, நம்ம உதவி தேவையில்லன்னு நெனச்சா வேற பள்ளிக்கூடம் தேடிப் போயிடுவாங்க. எத்தன பள்ளிக்கூடம் கையேந்திக்கிட்டு நிக்குது தெரியுமா?"

"சயின்ஸ் டீச்சருக்குச் சம்பளம் அங்கருந்துதான் வருது," என்றார் பெரிய சார். "உங்க பொண்ணு கையில இருக்கற புஸ்தகம்கூட அவங்க குடுத்தது."

கலவைக்காரி கழுவிய முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றாள் கடைசியில்.

பெரிய சார் அவள் முகத்தைப் பார்க்காமல் கூரைத் தகரத்தைப் பார்த்துச் சொன்னார்: "பழையபடி ஆக்கிடணும். அவங்க விட்டுட்டுப் போன அளவுக்கு."

அவளும் நிமிர்ந்து அந்தத் தகரத்தைப் பார்த்தாள்.

"உடைக்கறதா? சார், பொம்பளப் பிள்ளைங்க இன்னிக்குக் காலையில வரிசையில நின்னு போயிருக்குதுங்க. அதுங்க கண்ணு முன்னாடி உடைப்பீங்களா? அந்தப் பிள்ளைங்க வெளையாடறதுக்கு எங்க பிள்ளைங்க கக்கூசுதான் கெடச்சுதா?"

"பத்து நாள்மா. இந்த வருஷம் கண்டிப்பா முடிச்சிருவாங்க. நான் பொறுப்பு," என்றார். மோசமான மனிதர் இல்லை அவர். அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம்.

உடைக்கும் வேலையை அண்ணன் ஒப்புக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று அவள் பேசாத பேச்சில்லை. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பீடியை அணைத்தார்.

"பேசிட்டியா? வேற எவனாச்சும் வந்தா சம்மட்டியால அடிச்சு நொறுக்கிட்டுப் போவான். நான்னா செங்கல்ல முழுசா எடுப்பேன். திரும்பக் கட்ட ஒதவும். நீயும் வா."

போனாள். தகரத்தை இறக்கினார்கள், கதவைக் கழற்றிச் சாமான் அறையில் சாய்த்தார்கள். சுவரில்தான் வந்தது வினை. உளி வைத்துத் தட்டினால் செங்கல் உடைகிறதே தவிரச் சாந்து விடமாட்டேன் என்கிறது. ஒரு கல்கூட முழுசாக வரவில்லை.

"என்னத்தடி கலந்த?" என்று அண்ணன் நெற்றி வேர்வையை வழித்தார்.

"நூறு வருஷம் நிக்கட்டும்னு கலந்தேன்," என்றாள். பிறகு அண்ணன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கி அவளே ஓங்கி ஓங்கி அடித்தாள். வகுப்பு ஜன்னல்களில் பெண் பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. பாடம் நடத்திக்கொண்டிருந்த சயின்ஸ் டீச்சர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

விருந்தாளிகள் வருவதற்கு முதல்நாள் லாரி ஒன்று வந்தது. வாடகைக்கு எடுத்த இரண்டு நீல நிற பிளாஸ்டிக் அறைகளை அதிலிருந்து இறக்கி, வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். உள்ளே பீங்கான் போல வெள்ளையாக உட்காரும் கழிப்பறை, கைகழுவும் தொட்டி, கண்ணாடி, வாசனைக்கு ஒரு கட்டி. கதவில் டீச்சர் ஒரு தாளை ஒட்டினாள்: விருந்தினருக்கு மட்டும்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகமில்லை. தொப்பி போட்டுக்கொண்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினார்கள். ஒரு கல் வைத்தால் ஒருமுறை கைதட்டினார்கள். கல் வைக்கச் சொல்லிக்கொடுக்க அண்ணனையும், சாந்து கலக்கவும் சட்டி தூக்கவும் கலவைக்காரியையும் கூலிக்கு வைத்திருந்தார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். வேறொருத்தி கலந்தால் சுவர் நிற்காதே என்கிற எண்ணம் இழுத்து வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடப் போகும் நேரத்தில் அண்ணன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேர்தானா என்று பார்த்து, வயிறு தள்ளிய இடத்தையெல்லாம் பிரித்து ஒழுங்காக வைத்தார். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே ஒரு பிள்ளையைத் தோழியாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். இங்கிலீஷ் வரும் என்பதால் மகளுக்கு, வெயிலில் மூக்கு சிவந்துபோன ஒரு பெண் கிடைத்தாள். அவளும் அதே வயசுதான். மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டே திரிந்தாள், தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி நீட்டிக் குடிக்கச் சொன்னாள். மகள் வேண்டாம் என்று தலையாட்டித் தலையாட்டிப் பார்த்து, மூன்றாம் நாள், முகத்தை முறிக்க முடியாமல் வாங்கிக் குடித்துவிட்டாள்.

மத்தியானம் கலவைக்காரி சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது அதைப் பார்த்தாள். மூக்கு சிவந்த பெண் மகளின் கையைப் பிடித்து நீல அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறாள். வாசலில் டீச்சர் சிரித்துக்கொண்டே மகளை மட்டும் நிறுத்துகிறாள். இங்கிலீஷில் ஏதோ சொல்கிறாள். அந்தப் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். மகள் வெளியே, அந்தப் பெண்ணின் தொப்பியையும் கையுறையையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னி நிற்கிறாள். உதடு வெளுத்திருந்தது.

சட்டியைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுக் கலவைக்காரி நடந்தாள். இன்னொரு நீல அறையின் கதவில் கை வைத்தாள். பூட்டியிருந்தது.

"தொறங்க டீச்சர்."

"அம்மா, என்ன இது? இது விருந்தாளிங்களுக்கு. தொட்டி சின்னது, ரொம்பிட்டா லாரிக்காரன் வரணும். எல்லாரும் போக ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"எல்லாரும் வேணாம். இவ ஒருத்தி. மூஞ்சியப் பாருங்க டீச்சர், நீங்களும் ஒரு பொம்பளதான!"

"மத்த பிள்ளைங்க பாத்துக்கிட்டிருக்கு. சத்தம் போடாதீங்க."

அவள் அப்போதுதான் சத்தமே போட ஆரம்பித்தாள். "போடுவேன்! நாங்க கட்டுனோம்! ஓய்வு ஒழிச்சல் இல்லாம, ஒரு காசு வாங்காம, கூரை போட்டுக் கதவு போட்டுக் கட்டி முடிச்சோம்! இந்தப் பிள்ளைங்க வந்து செங்கல் அடுக்கறதுக்காக என் கையாலயே உடைக்க வெச்சீங்க! இதுங்களுக்குத் தெரியுமா அது? சொல்லுங்க! இப்பச் சொல்லுங்க இதுங்ககிட்ட!"

கரணைகள் நின்றன. தொப்பி போட்ட பிள்ளைகளும் அவர்களோடு வந்த இரண்டு ஆசிரியர்களும் சுற்றி வந்து நின்றார்கள், பெரிய சாரும் ஓடி வந்தார். மூக்கு சிவந்த பெண்ணும் கதவைத் திறந்துகொண்டு வந்து முழித்தாள். அந்த ஆசிரியர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மரியாதையாகக் குனிந்து டீச்சரிடம் என்னவோ கேட்டார். டீச்சர் பெரிய சாரைப் பார்த்தாள். பெரிய சார் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் சிரித்த முகத்தோடு நாலு வரி பேசினாள்.

தாடிக்காரரின் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக் கலவைக்காரிக்குத் தலை வணங்கினார்.

"என்னடி சொன்னா?" என்று கலவைக்காரி மகளைக் கேட்டாள்.

மகள் கையிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ நன்றி சொல்றியாம். இந்தப் பிள்ளைங்க படற கஷ்டத்தப் பாத்து ஒனக்கு மனசே தாங்கலையாம்."

"அப்படியா சொன்னா? நீ சொல்லுடி. ஒனக்குத்தான் வருமே. நடந்தத நீ சொல்லு!"

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். எதிரே வகுப்புப் பையன்கள், பெரிய சார், விருந்தாளி ஒருவர் தூக்கிப் பிடித்த கேமரா. கழிப்பறை என்ற அந்த ஒரு வார்த்தையை எல்லார் நடுவிலும் சொல்ல வேண்டும். உதடு அசைந்தது. யாரோ ஒரு பிள்ளை, அவள் நன்றி சொல்லத் தடுமாறுகிறாள் என்று நினைத்து உற்சாகப்படுத்தக் கைதட்டியது. உடனே எல்லாரும் தட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மகளின் சீருடைப் பாவாடை நனைந்தது. கால் வழியாக இறங்கி, செருப்பை நனைத்து, புழுதியில் பரவியது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மூக்கு சிவந்த பெண்தான் ஓடி வந்து, தன் இடுப்பில் கட்டியிருந்த மேல்சட்டையை அவிழ்த்து மகளின் இடுப்பில் கட்டினாள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் அவசர அவசரமாகச் சாவியை எடுத்து நீலக் கதவைத் திறந்துவிட்டாள். மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவைக்கூடப் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. கலவைக்காரி கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் கை நீட்டிவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். பெரிய சார் வீடுவரை வந்து, "நல்லாப் படிக்கற பொண்ணும்மா" என்றார். "அது எனக்குத் தெரியாதா சார்? அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேங்கறா. நீங்க போங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சுவர் என்ன ஆயிற்று என்று அண்ணன்தான் வந்து சொன்னார். கழுத்துவரை வந்திருக்கிறதாம். அதற்கு மேல் சாரம் கட்டி ஏற அந்தப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லையாம், ஆபத்தாம். மீதியை ஊர்க்காரர்கள் முடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் வேலை வேண்டுமே என்று டீச்சர் சொல்லிவிட்டாளாம். சொல்லும்போது அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

விருந்தாளிகள் புறப்பட்டுப் போன மறுநாள், மகளைத் தனியாக வீட்டில் விட மனசில்லாமல் கலவைக்காரி வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புது அடுக்குமாடி. பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போடும் தன் பழைய சட்டை ஒன்றை மகளுக்குக் கொடுத்திருந்தாள். அது முழங்கால்வரை தொங்கியது. ஆட்களை ஏற்றிய வண்டி ரயில்வே கேட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி ஒன்று பக்கத்தில் ஒட்டினாற்போல் வந்து நின்றது. அதன் மேல் இரண்டு நீல அறைகள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தன. கதவில் டீச்சர் ஒட்டிய தாள் பாதி கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம்.

மகள் வெகுநேரம் அந்த நீலக் கதவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் காதருகில் குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"நாம வேலைக்குப் போற எடத்துல இருக்காம்மா?"

வீட்டுக்கு இரண்டு குளியலறை வீதம், மாடி மாடியாக, அவர்கள் அன்றைக்கு ஏற்றவேண்டியது அந்த அறைகளுக்கான ஓடுகளைத்தான். மேஸ்திரி முந்தினநாளே சொல்லிவிட்டிருந்தார். ஆட்களுக்கென்று ஏதும் அங்கே இல்லை. பின்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது, ஆண்கள் அங்கே போய்க்கொள்வார்கள்.

"இல்ல," என்றாள் கலவைக்காரி.

மகள் தலையாட்டிவிட்டு, மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, வண்டிக்கு வெளியே சாய்த்து எல்லாவற்றையும் ஊற்றினாள்.